தாய்மாமன் இறங்குகிற இடம்

"சென்னையிலிருந்து மதுரைக்குப் பிளேனில் ஒரு மணி நேரம்தான்" என்று போனில் பீற்றிக்கொண்டது நான்தான். அக்கா மகளுக்கு எழுமலையில் காதுகுத்து. அக்காவோடு பிறந்தவன் நான் ஒருவன். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு. ஆனால் முதல் நாளே வர லீவு கிடைக்கவில்லை. நல்ல நேரம் முடிவதற்குள் நான் போய்ச் சேராவிட்டால் எங்கள் சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்துவிடுவார்கள். அவனும் முறைக்குத் தாய்மாமன்தான். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. நானூறு கிலோமீட்டர் சொச்சம் போனதே தெரியவில்லை. வாடகைக் கார் பிடித்து ஓடிவிடலாம் என்று வெளியே வந்தால், எதிரே அக்கா வீட்டுக்காரர் மாலையோடு நிற்கிறார். பின்னால் மேளக்காரர்கள். அதற்கும் பின்னால் ஒரு குட்டியானை வண்டி நிறையச் சொந்தக்காரர்கள்.

"என்ன மச்சான் இது?"

"தாய்மாமன் எறங்குற எடத்துலதான மாப்ள மேளம் வைக்கணும்? பஸ்ஸுல வந்தா பஸ் ஸ்டாண்டு. நீ இங்கல்ல எறங்குற!"

மேளத்தைத் தட்டக் காவலர் விடவில்லை. மாலையோடு என்னைக் குட்டியானையில் ஏற்றினார்கள். விமான நிலைய எல்லையைத் தாண்டியதும் மேளம் ஆரம்பித்தது. திருமங்கலத்தில் டீக்கு நின்றோம். உசிலம்பட்டியில் மேளம் அடிக்காமல் தாண்டினால் மரியாதையில்லை என்று அங்கேயும் நின்றோம். பிளேனில் வந்த நேரத்தைவிட ரோட்டில் கழிந்ததுதான் அதிகம்.

அக்கா போனில் கத்தினாள். "எங்கடா இருக்க? அவன் மடியிலயே வச்சுக் குத்திரலாம்ங்கறாங்கடா!"

"இந்தா வந்துட்டேன்க்கா" என்றேன். அழுகையே வந்துவிட்டது. மச்சானை வாய்க்கு வந்தபடி பேசினேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் என் தோளைத் தட்டினார். பிளேனைப் பார்த்துவிடலாம் என்று மேளக்காரர்களோடு தொற்றிக்கொண்டு வந்த ஆசாரி. காது குத்தவேண்டியவரே அவர்தான்.

"ஏந்தம்பி இம்புட்டுப் பதறுறீக? புள்ள யாரு மடியில வேணும்னாலும் இருக்கட்டும். ஊசி என் மடியிலல்ல இருக்கு!" என்று வேட்டி மடிப்பைத் தட்டிக் காட்டினார்.

வண்டியே குலுங்கும்படி சிரித்தோம். மச்சான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

எழுமலைக்குள் நுழைந்தபோது நல்ல நேரத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. சித்தப்பா மகன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஆசாரியைத் தேடி நாலு பக்கமும் ஆள் விட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தபடி எழுந்து இடம் விட்டான்.

ஊசி பட்டதும் வீறிட்டவள், என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுது ஓய்ந்து அப்படியே என் மடியில் தூங்கியும் போனாள். பிள்ளையை வாங்க அக்கா கை நீட்டினாள். நான் திரும்ப வேண்டிய சாயங்காலப் பிளேனுக்கு நேரமாகிவிட்டது என்றார் மச்சான். எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. நான் அசையவில்லை.