வாயில் மிஞ்சிய ஒரே சொல்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கு,

என் மகளின் திருமணத்தை நானே மறுத்தேன் என்று நம் பாகூரில் சிலரும் வில்லியனூரில் சிலரும் பேசிக்கொண்டது என் காதுக்கு எட்டியது. அப்படி ஒரு சொல் என் வாயிலிருந்து வந்தது உண்மை. அது என் மனத்திலிருந்து வந்ததன்று. நடந்ததைப் பிறர் வாயால் அறிவதைவிட என் எழுத்தால் நீங்கள் அறிவதே முறை. ஆகவே, போதகரின் அனுமதியோடு இந்தச் சாட்சியை எழுதுகிறேன். வலக்கை இன்னும் நடுங்குகிறது. எழுத்தின் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. என் மனைவி ரூபியைக் கூப்பிட வாய் திறந்தேன். பெயர் வரவில்லை. புதுச்சேரியில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது, கால் தேறியது. பேச்சும், எழுதும் வலக்கையும் மட்டும் திரும்பவில்லை.

பிறர் பேசுவது யாவும் எனக்குப் புரிந்தது. சொல்ல வேண்டிய வாக்கியம் மனத்தில் முழுமையாக நிற்கும். வாயைத் திறந்தால் வெளியே வருவது ஒரே ஒரு சொல்.

"வேணாம்."

காபி கேட்க நினைத்து "வேணாம்" என்பேன். மின்விசிறியைப் போடச் சொல்ல நினைத்தாலும் அதுவேதான். இப்படிப்பட்ட நோயாளிகள் சிலருக்கு ஒரே சொல் நாக்கில் ஒட்டிக்கொள்வது உண்டு என்றார் மருத்துவர்.

நான் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். முதுகலை படித்தவன். இந்தச் சபையின் மூப்பன். ஞாயிறு ஆராதனையில் பொது ஜெபத்தை நெடுங்காலமாக ஏறெடுத்து வந்தவன். அதில் ஒரு சொல்லும் தடுமாறியதில்லை என்பதை நீங்களே அறிவீர்கள். அப்படிப்பட்டவனைப் பார்க்க வந்த போதகர் கட்டிலருகே நின்று, "ஐயா, ஜெபம் பண்ணலாங்களா?" என்றார்.

"வேணாம்" என்றேன்.

அவர் திகைத்துப் பின் புரிந்துகொண்டு ஜெபித்தார். அன்று முதல் என்னைப் பார்க்க எவரையும் உள்ளே விட வேண்டாம் என்று ரூபிக்குச் சைகை காட்டினேன். உங்களில் பலர் பழத்தோடு வந்து வாசலோடு திரும்பினீர்கள். அது உங்கள்மேல் உள்ள வருத்தத்தால் அன்று.

நான் விழுவதற்கு முன்பே எங்கள் ஒரே மகள் பியூலாவுக்கு வில்லியனூரில் வரன் பேசி வைத்திருந்தோம். மாப்பிள்ளையின் பெயர் சாமுவேல். புரட்டாசியில் அவர்கள் உறுதி செய்ய வந்தார்கள். எனக்குப் பேச்சு வராது என்று மட்டும் ரூபி அவர்களிடம் சொல்லியிருந்தாள். என் மானத்தைக் காக்க நினைத்து, அந்த ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் மறைத்துவிட்டாள். நான் தலையை மட்டும் அசைப்பது என்பது ஏற்பாடு.

மாப்பிள்ளையின் தகப்பனார் மரியாதையாகக் கேட்டார். "உங்க பொண்ண எங்க வூட்டுக்கு அனுப்ப சம்மதங்களா சார்?"

தலையை அசைத்தேன். மகிழ்ச்சியில் வாயும் திறந்துகொண்டது.

"வேணாம்."

அவருடைய தங்கை டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாண்ணா இது, தலை ஆமாங்குது, வாயி வேணாங்குது. எத்த நம்பறது?"

ரூபி அழுதபடியே எல்லாவற்றையும் விளக்கினாள். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, "அதுக்கில்ல அண்ணி, பொண்ணப் பெத்தவரு வாயால, நல்ல காரியத்துல, இந்த வார்த்த வந்துடுச்சே" என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள்.

பியூலா எங்கள்முன் அழவில்லை. பட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, "சாப்புடலாம் வாப்பா" என்றாள். அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

அன்று பிற்பகல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளத்துக்குள் ஜெபிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். குரலோடு ஜெபித்துப் பழகியவனுக்கு அது ஊமையாக இருந்தது. முழங்காலிட்டு வாய் திறந்தேன். வந்தது அதே சொல். மறுபடி முயன்றேன். மறுபடியும் அதே சொல். தேவனிடமே மறுப்பைச் சொல்கிறேனே என்று நெஞ்சு பதறியது.

அப்போது, சிலுவைக்கு முந்தின இரவு ஆண்டவர் ஜெபித்த கெத்செமனே தோட்டம் நினைவுக்கு வந்தது. அந்தப் பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்றல்லவா நம் ஆண்டவர் கேட்டார். நாம் வீட்டில் பேசும் பேச்சில் அதற்கு வேறு சொல் ஏது? "வேணாம்" என்பதுதானே? மகன் அதைத் தகப்பனிடம் சொன்னார். சொன்ன பிறகு தம்மையும் ஒப்புக்கொடுத்தார். அப்படியானால் இந்தச் சொல்லுக்கும் ஜெபத்தில் இடம் உண்டு. நான் அதையே சொன்னேன். இந்த ஊமைத்தனம் வேணாம் ஆண்டவரே. என் பிள்ளைக்கு இந்தத் தலைகுனிவு வேணாம். அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லி அழுதேன். கடைசியில், உம்முடைய சித்தம் என்று மனத்துக்குள் சொல்லி எழுந்தேன்.

அதே வாரத்தில் சாமுவேல் தனியாக வண்டியில் வந்தார். என்னருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அத்தை பேசனத மனசுல வச்சிக்காதீங்க மாமா. வூட்ல எல்லாரையும் பேசி சரிகட்டிட்டேன். ஒன்னு மட்டும் கேக்கறேன். என்ன உங்களுக்குப் புடிச்சிருக்குதா?"

"வேணாம்" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்ப ரொம்பப் புடிச்சிருக்குது."

நானும் சிரித்தேன். நோய் வந்தபின் நான் சிரித்தது அதுவே முதல் முறை. அவர் புறப்பட எழுந்தார். இடக்கையால் அவர் கையைப் பிடித்தேன். வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

"இரு."

ரூபி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "இன்னாங்க சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க."

"இரு" என்றேன். அவர் இருந்தார். எங்களோடு சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்தவரிடம் நாம் அன்றாடம் சொல்லும் சொல் அது. எம்மாவு என்னும் ஊருக்குப் போன அந்தச் சீடர் இருவரும் பொழுது சாயும் வேளையில் வழித்துணையாக வந்தவரிடம் கேட்டது இதைத்தான். அவர் உயிர்த்தெழுந்த ஆண்டவர் என்று அறிந்து கேட்கவில்லை. கேட்டதால் தங்கினார், தங்கியதால் அறிந்தார்கள். வந்தவர்களையெல்லாம் வாசலில் திருப்பிய எனக்கு ஆண்டவர் முதலில் திருப்பித் தந்த சொல் அது என்பதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை.

பிறகு "தண்ணி", "போதும்" எனச் சில சொற்கள் வந்தன. ஆனால் மனம் படபடத்தால் பழைய சொல்லே முந்திக்கொள்ளும். நம் சபை வழக்கப்படி மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசிக்க வேண்டும். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று போதகர் கேட்பார். முதல் இரண்டு ஞாயிறும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்றாம் ஞாயிறு அவர் கேட்டு நிறுத்திய அமைதியில், "வேணாம்" என்று கோயில் முழுதும் கேட்கச் சொல்லிவிட்டேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுந்தார். அவர் பெயரை இங்கே குறிப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது.

"அது தடை இல்லீங்க ஐயா. எங்க சாரு ஆமென் சொல்றாரு. நீங்க மேல படிங்க."

சபை சிரித்தது. அதில் ஏளனம் இருக்கவில்லை. அன்று நான் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் திருமணம். மணப்பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று போதகர் கேட்க, தகப்பன் "நான்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். வாரக்கணக்கில் அந்தச் சொல்லைப் பழகினேன். ஒருமுறைகூட வரவில்லை. முந்தின நாள் போதகர், "கைய மட்டும் புடிச்சிக் குடுத்துடுங்க ஐயா, கேள்விய நான் வுட்டுடறேன்" என்றார். மாட்டேன் என்று தலையசைத்தேன். என் மகளுக்கு ஒழுங்கில் எதுவும் குறையக் கூடாது.

பீடத்தின்முன் நின்றோம். போதகர் கேட்டார். வாய் திறந்தால் எது வருமோ என்று அஞ்சினேன். ஆண்டவரே, இவளை உம்மிடம் விடுகிறேன் என்று மட்டும் நினைத்தேன். வாய் திறந்தேன்.

"நான்."

மெல்லிய குரல்தான். முன் வரிசைக்கு அப்பால் கேட்டிருக்காது. பியூலாவின் விரல்கள் என் கையை இறுக்கின. அந்தக் கையைச் சாமுவேலின் கையில் வைத்தேன். நான் படித்தவன், நான் மூப்பன், நான் தவறாகப் பேசாதவன் என்று இந்தச் சொல்லை வாழ்நாளெல்லாம் சொல்லிவந்திருக்கிறேன். கொடுத்துவிடுவதற்காக அதைச் சொன்னது அன்றுதான். அந்த இடத்தில் அது எவ்வளவு சிறிய சொல் என்றும், எவ்வளவு இலேசானது என்றும் கண்டேன்.

பந்தியில், கோயிலில் முன் வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் அத்தை என் இலையருகே வந்து நின்றார். "அண்ணே, அன்னிக்கே இத்த சொல்லியிருந்தா நான் வாயத் தொறந்திருப்பனா?" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

இப்போது பெரும்பாலும் பேசுகிறேன். பொது ஜெபம் மறுபடி என் பொறுப்பாகியிருக்கிறது. முன்னைப்போல் நீளாது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வரும் சொற்களைக்கொண்டு ஜெபிக்கிறேன். நின்றுவிட்டால், சபை எனக்காகக் காத்திருக்கிறது.

அன்பானவர்களே, ஜெபிக்கத் தெரியவில்லை என்று உங்களில் சிலர் என்னிடம் வந்து வருந்தியதுண்டு. அழகாகப் பேசும் வரை காத்திராதீர்கள். அடுக்களையில் பேசுவதையும் வாசலில் பேசுவதையும் அப்படியே அவர்முன் எடுத்துச் செல்லுங்கள். வாக்கியத்தை முடிக்க முடியாமல் அழுதுவிட்டாலும் வெட்கப்படாதீர்கள். மீதியை அவர் கேட்டுக்கொள்கிறார். எனக்குக் கேட்டவர் உங்களுக்கும் கேட்பார். அவருக்கே மகிமை.