மினாவின் கேட்

கேட் மூடிக்கொள்ளும் 'ணக்' என்ற சத்தம் காதில் விழாமல் மினா ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. ஒரு கையில் வாளி, மறு கையில் இரண்டு தூண்டில் கழிகள், தோளில் பை. அத்தனை பாரத்தோடும் கடலைப் பார்த்தபடி நிற்பார். முதுகுக்குப் பின்னால் கம்பிக் கேட் தானாக ஆடி வந்து பொருந்தும். சத்தம் கேட்டதும் தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, கடல்பாலத்தின் பலகைகள் மேல் நடக்கத் தொடங்குவார். பின்னால் யாராவது ஓடி வந்தால்? வரட்டும். அவரவர் பையில் அவரவர் சாவி இருக்கிறது.

எங்கள் தூண்டில் கிளப்புக்கு எத்தனையோ விதிகள். அதில் முதல் விதி, பின்னால் வருபவருக்காகக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்பது. ஒருவருக்குப் பிடித்தால் அவர் பின்னாலேயே நாலு பேர் நுழைந்துவிடுவார்கள். கோடையில் நியூ ஜெர்சிக் கரைக்கு வருகிற ஊர்சுற்றிகளுக்கு, எவன் பாலம் என்ற கேள்வியே கிடையாது. ஆனாலும் மழை கொட்டும்போது நாங்கள் எல்லாரும் கொஞ்சம் கண்டும் காணாமல் பிடிப்பதுண்டு. மினாவுக்கு மழையும் ஒன்றுதான், கிளப் தலைவரும் ஒன்றுதான். தலைவர் டென்னிஸ் ஒருநாள் இரண்டு கையிலும் காப்பித் தட்டோடு வந்து நின்றார். மினா உள்ளே போனார். கேட் மூடியது.

"தட்டைக் கீழ வச்சிட்டு சாவிய எடு டென்னிஸ். ஆண்டவன் உனக்கு ரெண்டு கை குடுத்திருக்கான்ல."

டென்னிஸ் தட்டைக் கீழே வைத்தார். மினாவை எதிர்த்துப் பேசமுடியாது. மினா எங்கள் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். இன்று உறுப்பினராக இருப்பவர்களில் பாதிப் பேர், 'உக்காரு, இல்லேன்னா இறங்கு' என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள். நரைத்த தலையும் தொப்பையுமாகத் திரிகிறவர்கள்கூட, மினா திரும்பிப் பார்த்தால் சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள்.

முழுப்பெயர் பிலோமினா ரிச்சி. வயது எழுபதுக்கு மேல். குள்ளம். இறந்துபோன கணவரின் மழைக்கோட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துப் போட்டுக்கொள்வார். தூண்டிலை வீசுமுன், பஸ்ஸைப் பின்னால் எடுக்கிறவர்போல் இரண்டு பக்கமும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். காலைச் சாப்பாடு, போர்க் ரோல் என்கிற பன்றியிறைச்சித் துண்டும் முட்டையும் வைத்த ரொட்டி. பாதியை வந்த உடனே சாப்பிடுவார், மீதிப் பாதி முதல் மீனுக்குப் பிறகு. மீன் விழாத நாளில் அந்தப் பாதி காகிதத்துக்குள் சுருண்டபடியே வீட்டுக்குப் போகும். பசி தாங்காமல் அதை அவர் பிரித்து நான் பார்த்ததில்லை. சட்டம் சொல்லும் அளவுக்குக் குறைந்த மீனைத் தண்ணீரில் விடும்போது, "போ, பெரிசாயிட்டு வா" என்பார். விளையாட்டுப் பேச்சு இல்லை. உத்தரவு.

இந்தக் கேட்டுக்கு வெளியேயும் மினா நிறைய நின்றிருக்கிறார். கணவர் வின்ஸ் உறுப்பினராக இருந்த காலத்தில் பெண்களுக்கு இங்கே இடமில்லை. கோடைப் போட்டி நடக்கும் அந்த ஒரு நாள் மட்டும் மனைவிமார் உள்ளே வந்து உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிவிட்டுப் போகலாம். மற்ற நாட்களில் மினா காப்பிக் குடுவையைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டுவார். அப்போது கேட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் வெர்னன் ஹாக், தபால் ஆபீஸ்காரர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பதை எங்கள் ஊரில் யாராவது நம்பவில்லை என்றால், அவரைக் காட்டினால் போதும்.

ஓர் அக்டோபர் காலை. வரிப்போட்ட பாஸ் மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வந்திருந்தது. வின்ஸ் பாலத்தின் கடைசி முனையில் நின்றார். வீட்டில் அவருடைய அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பள்ளிக்கூடத்துக்கு போன் செய்து சொல்ல, மினா பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு மஞ்சள் பஸ்ஸையே கொண்டுவந்து கேட் முன்னால் நிறுத்தினார். வெர்னன் உள்ளே விடவில்லை. மெம்பர்கள் மட்டும்தான், இங்கேயே நில், நான் கூட்டிவருகிறேன் என்றார். திரும்பி நடந்தார். பாலத்தின் மேல் ஓடக்கூடாது என்பதும் ஒரு விதி. எங்கள் பாலம் நீளமானது. வின்ஸ் வீடு போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கண்களை மூடி, கையில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள்.

மினா இதை அழுதுகொண்டு சொல்வதில்லை. மட்டிச் சதையைத் தூண்டில் முள்ளில் ஏற்றிக்கொண்டே சொல்வார்.

"நடந்தாரு அந்த ஆளு. பார்க்குல காத்து வாங்கப் போற மாதிரி நடந்தாரு. நான் கம்பியப் புடிச்சுக்கிட்டு அவரு முதுகையே பாத்துட்டு நின்னேன்."

வின்ஸ் இறந்ததும், அடக்கம் முடிந்த மறுநாளே மினா அவருடைய சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அதுதான் விதி. சில வருடங்கள் கழித்துப் பெண்களும் சேரலாம் என்று ஆனது. முதல் விண்ணப்பம் மினாவுடையது. அதற்கு இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரைத்தான் மினா பிடித்திருந்தார். இரண்டாவது கையெழுத்தைக் கேட்காமலே போட்டவர் வெர்னன். விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்றாராம். மினா நன்றி சொல்லவில்லை. எங்கள் எல்லாரையும்போல் காத்திருப்போர் பட்டியலில் வருடக்கணக்கில் கிடந்து, தன் முறை வந்தபோது சாவி வாங்கினார்.

வெர்னனுக்கு முட்டி போனதும் கேட் பொறுப்புக்கு மினாவின் பெயரைச் சொன்னவரும் அவரேதான். "இவள விட்டா கேட்டப் புடிச்சுக்கிட்டு நிக்காத ஆளு வேற யாரு இருக்கா?" என்றார். கூட்டம் சிரித்தது. மினா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகும் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலையில் ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான்.

இப்போது வெர்னனுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. முட்டிக்குப் பிறகு ஞாபகமும் போகத் தொடங்கியது. போன இலையுதிர் காலத்தில் பாலத்தில் தடுக்கி விழுந்து புருவத்தைக் கிழித்துக்கொண்டார். ஒவ்வொரு வசந்தத்திலும் பூட்டை மாற்றுவோம், உறுப்பினர் பதிவைப் புதுப்பித்தவர்களுக்கு மட்டும் புதுச் சாவி. வெர்னனுக்கு இந்த வருடம் கொடுப்பதா வேண்டாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. பாதிக்குப் பாதி கை உயர்ந்தது. மிச்சம் இருந்தது மினாவின் கை. எல்லாரும் அவரையே பார்த்தோம்.

"நாளைக்கு அவரு தண்ணியில விழுந்தா, அவரு பொண்ணு முன்னாடி போயி நிக்கப்போறது யாரு?" என்றார். வேண்டாம் என்பவர்களோடு கையைத் தூக்கினார்.

அது விதியா, பழைய கணக்கா? எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்கும் துணிச்சலும் எனக்கு இல்லை. நானும் அந்த பஸ்ஸில் போனவன்தான்.

கூட்டம் முடிவு செய்தது வெர்னனின் தலைக்குள் தங்கவில்லை. தினமும் விடியும்போது பழைய சாவியோடு வந்துவிடுகிறார். பக்கத்துத் தெருவில் மகள் ஜோன் வீட்டில் இருக்கிறார். சாவி பூட்டுக்குள் போகும், திரும்பாது. அவர் திருப்பிக்கொண்டே இருப்பார். விருந்தாளியாக உள்ளே அழைத்துப் போகலாம் என்று டென்னிஸ் விருந்தாளிப் பதிவேட்டை நீட்டினார். பெரியவர் அதைத் தொடக்கூட இல்லை. நான் விருந்தாளியா, இந்தப் பலகையில் ஆணி அடித்தவன் நான் என்று முகம் சிவந்து திரும்பிப் போய்விட்டார். பூட்டை மாற்றிவிட்டோம் என்று மினா ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டுக் கேட்டுக் குழந்தைபோல் அழுதார் வெர்னன். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நின்றார்.

"உப்புக் காத்து பூட்டத் தின்னுடுச்சு மினா. கொஞ்சம் எண்ணெய் போடு. கேட் உன் பொறுப்புதானே?"

அன்றிலிருந்து மினா எண்ணெய் போடுகிறார். புத்தம்புதுப் பூட்டு, பழுது எதுவும் இல்லை. ஆனாலும் வாளியில் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி. வெர்னன் பார்க்கப் பார்க்க ஒரு சொட்டு விட்டு, துணியால் துடைத்து, ஊறட்டும், நாளைக்குப் பாருங்கள் என்பார். பிறகு ஜோன் வீட்டு உடையோடு ஓடிவந்து தகப்பனாரைக் கைபிடித்துக் கூட்டிப்போவாள். மினா தன் சாவியால் திறந்து உள்ளே வருவார். கேட் மூடும். சத்தத்தைக் கேட்டுவிட்டு நடப்பார். இப்போதெல்லாம் அந்தத் தலையாட்டல் மட்டும் இல்லை. மீன் விழுந்த நாளிலும் பாதி ரொட்டி வீட்டுக்குப் போவதைக் கவனித்தேன்.

போன வாரம், பாஸ் மீன் மறுபடி கரையோரம் வந்த காலை. நான் கேட்டுக்கு உள்ளே இரை நறுக்கும் மேசையில் நின்றிருந்தேன். மினா வெகு சீக்கிரமே வந்தார். தன் சாவியால் பூட்டைத் திறந்தார். உள்ளே வரவில்லை. எண்ணெய்த் துணியைச் சுருட்டி, தாழ் விழும் துளைக்குள் திணித்தார். கேட்டை மெல்லச் சாத்திவைத்தார். என்னைப் பார்த்தார். நான் மட்டியை நறுக்குவதில் மும்முரமானேன்.

வெர்னன் வந்தார்.

"எண்ணெய் போட்டிருக்கேன். இப்பப் பாருங்க வெர்ன்" என்றார் மினா.

பெரியவர் சாவியை நுழைத்தார், அசைத்தார், தோளால் தள்ளினார். கேட் திறந்தது. துணி கீழே விழுந்தது. "நான் சொல்லல? எண்ணெய்தான்" என்றபடி உள்ளே காலை வைத்தார். வைத்தவர், கடலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். முதுகுக்குப் பின்னால் கேட் ஆடி வந்து மூடியது. ணக். தலையை லேசாக ஆட்டிக்கொண்டார். மினாவுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மினா வெளியே நின்று கோட்டுப் பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். வெர்னன் திரும்பினார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவரைக் கண்டதும் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது.

"மினா, மெம்பருங்க மட்டும்தான். உனக்குத் தெரியாததா?"

மினாவின் கை பாதி வழியில் நின்றது. சாவி வெளியே தெரிந்தது.

வெர்னன் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வின்ஸோட அம்மா இன்னும் இருக்காங்கல்ல?"

மினா கம்பியோரம் நெருங்கி வந்தார்.

"இருக்காங்க, வெர்ன். சீக்கிரம் வரச் சொல்லுங்க."

"இங்கயே நில்லு. நான் கூட்டிட்டு வர்றேன்."

திரும்பினார். ஓடினார். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியுமோ என்னவோ, ஒரு கை கைப்பிடிக் கம்பியில், சின்னச் சின்ன எட்டுகளாய், மூச்சு வாங்க, பலகைகள் அதிர ஓடினார். நான் கத்தியைப் போட்டுவிட்டுப் போய் முழங்கையைப் பிடித்தேன். உதறினார். தள்ளு, வின்ஸைக் கூப்பிட வேண்டும் என்றார். தடுக்க மனம் வராமல், விழுந்தால் தாங்கிக்கொள்ளும் தூரத்தில் அவரோடு ஓடினேன். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தேன்.

மினா சாவியைப் பைக்குள் திரும்பப் போட்டார். இரண்டு கைகளாலும் கேட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, பாலத்தின் முனையைப் பார்த்து நின்றார்.