கட்டு மாற்றும் நாளின் வாசனை

எங்கள் ஆறு வயது மகளின் கெண்டைக்காலில் சுடுகஞ்சி கொட்டியது ஒரு சனிக்கிழமை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனோம். எதையும் நாளோடு எழுதி வைப்பவன் நான்; இதையும் எழுதினேன்.

வலிமருந்து கொடுத்து அரைமணி கழித்துத்தான் பழைய கட்டை நனைத்து எடுப்பார்கள். அப்படியும் முதல் திங்களன்று பயத்தில் காலை இறுக்கி இழுத்துக்கொண்டாள். இப்படி இழுத்தால் புதுத்தோல் கிழிந்துவிடும் என்றார் நர்ஸ், எங்கள் மாவட்டத்து நாசரேத்துக்காரர். புதனன்று பஞ்சில் இரண்டு சொட்டு லாவெண்டர் எண்ணெய் விட்டு அவள் மூக்கருகே பிடித்தார். இது மருந்துக்குப் பதில் இல்லை, மருந்துக்குத் துணை என்றார். ஒரு குப்பியை என்னிடம் தந்து, வீட்டில் கதை சொல்லும்போதும் விளையாடும்போதும் முகரக் கொடுக்கச் சொன்னார். நல்ல நேரத்து வாசனையாக அது முதலில் மனதில் பதிய வேண்டுமாம். எனக்கு அது வீண் செலவாகப் பட்டது. தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் என்று ஆஸ்பத்திரிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளி: ‘அழுகை குறைவு. அறையில் அமைதி.’ திங்கள்: ‘வராண்டாவிலேயே அமைதி.’ புதன்: ‘வழியில், மில்லர்புரம் திருப்பத்திலேயே அமைதி.’ வெள்ளி: ‘நான் பையை எடுத்ததுமே அமைதி.’ மனைவிக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

ஞாயிறு மதியம், கப்பலில் வேலை பார்க்கும் மைத்துனன் கொண்டுவந்த சோப்பை மனைவி பிரித்தாள். அதே வாசனை. தரையில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் பென்சிலை வைத்துவிட்டுக் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமதானே?”

நாட்குறிப்பைத் திரும்பப் படித்தேன். நான் அமைதி என்று எழுதிய பயம் வாரம் முழுக்க எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மறுநாள் நர்ஸிடம் சொன்னேன். கட்டை நனைத்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“நான் சொன்னது ஒண்ணு, நீங்க செஞ்சது ஒண்ணு சார். இனி அந்தக் குப்பியக் கொண்டு வராதிய.”

இன்னும் மூன்று கட்டு பாக்கி என்றார்.

புதனன்று குளித்து, துவைத்த சட்டை போட்டு, பையை எடுக்காமல் வாசலுக்கு வந்தேன். மகள் என் உள்ளங்கையைப் பிடித்து முகர்ந்தாள். மற்ற கையையும் கேட்டு வாங்கி முகர்ந்தாள்.

“வாசன இல்லன்னாலும் போவோம்லா?”

ஆமாம் என்றேன். அவள் அமைதியானாள்.