மாட்டுக்கொம்புப் பிடி போட்ட கத்தி

மடக்குக் கத்தி சேர்ப்பது என் பைத்தியம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் துருவேறிக் கிடப்பவற்றை வாங்கி வந்து, எண்ணெய் விட்டுத் தேய்த்து, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருப்பேன். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் செய்கிற வேலையா இது என்று கேட்ட மனைவிதான் இந்த வருடம், "பீரோவுல பூட்டி வெச்சு யாரு பாக்கறது? ஹால்ல மாட்டுங்க" என்றாள்.

சேலையூர் தச்சரிடம் கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி செய்யச் சொன்னேன். ஒவ்வொரு கத்தியையும் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து கொடுத்தேன். அந்தந்த வடிவத்துக்கே பலகையில் பள்ளம் குடைந்து தந்தார். இருபத்து நான்கு பள்ளம். அடுக்கும்போதுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. காட்டக் கூடாத ஒரு கத்தியையும் உற்சாகத்தில் வரைந்து கொடுத்திருந்தேன்.

மாட்டுக்கொம்புப் பிடி போட்ட கத்தி அது. படப்பையில் இருக்கும் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன். முப்பது வருடங்களுக்கு முன் அவர் வீட்டு விருந்தன்று, மாம்பழம் நறுக்கிவிட்டுக் கிணற்று மேடையிலேயே அதை வைத்துவிட்டுப் போனார். நான் எடுத்தேன். பிறகு அவரோடு சேர்ந்து புல்லில் ஒரு மணி நேரம் தேடினேன். கத்தி என் பேன்ட் பைக்குள் இருந்தது. கடைசியில் மச்சான், எச்சில் இலையோடு வாரிக் கொட்டிவிட்டாய் என்று தன் மனைவியைத் திட்டினார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அழுததைப் பார்த்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. இதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

ஆயுத பூஜைக்கு அவர்கள் இருவரும் வருவதாக இருந்தது. "இந்தப் பள்ளத்துல என்ன வரும்?" என்று மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டாள். பூஜையன்று காலை, வருவது வரட்டும் என்று, பீரோவின் அடியில் கைக்குட்டைக்குள் சுற்றிக் கிடந்ததைப் பிரித்து, அதன் பள்ளத்தில் வைத்தேன். மனைவி எல்லாக் கத்திகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பெட்டியைச் சாமி முன் சாய்த்தாள்.

கற்பூரம் காட்டி முடிந்ததும் மச்சான் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"இன்னா மாப்ள, இது என்னுது மாதிரி கீதே?"

"உங்களுதுதான் மச்சான். அன்னைக்கு நான்தான் எடுத்தேன். எடுத்துட்டு உங்களோட சேர்ந்து தேடவும் செஞ்சேன். அக்கா மேல பழி விழுந்தப்பவும் பேசாம நின்னேன்."

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, புருஷனைப் பார்த்தார்.

"கேட்டீங்களா? வூட்டுல ஒரு ஸ்பூன் காணோம்னாலும், 'கத்தியையே வாரிக் கொட்டினவளாச்சே'ன்னு முப்பது வருஷமா சொல்லிக்கினு இருந்தீங்களே!"

மச்சான் முகம் போன போக்கைப் பார்த்து அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க மட்டும் ஒழுங்கா தம்பி? இன்னிக்கு உங்களுக்கு வடை கிடையாது."

மச்சான் பெட்டிக்குள் கையை விடப் போனார். "பூஜைல வெச்சத நாளைக்குத்தாண்ணா எடுக்கணும்" என்று மனைவி தடுத்தாள்.

"அப்ப நாங்களும் இங்கதான் படுப்போம். மாப்ளய நம்பி வுட்டுட்டுப் போவ முடியாது."

படப்பை ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் அவர்கள் எங்கள் வீட்டில் தங்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. மத்தியானம் முழுக்க நாலு பேரும் சீட்டாடினோம். நான் கலைத்துப் போடும்போதெல்லாம் அக்கா சீட்டுகளை எண்ணிப் பார்த்தார். மூன்று மணிக்கு வடைத் தட்டை அவரே என் முன் நகர்த்தினார்.

விஜயதசமி காலை, பூஜை முடிந்ததும் கத்தியை எடுத்து நீட்டினேன். மச்சான் கையை இழுத்துக்கொண்டார்.

"கையில குடுக்காதீங்க மாப்ள, சண்டை வரும். கீழ வைங்க."

வைத்தேன். அவர் எடுப்பதற்குள் அக்கா எடுத்துக்கொண்டார். பிரித்து, பூஜைக்கு வைத்த கொய்யாப்பழத்தை நறுக்கி, முதல் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு கத்தியைத் துடைத்து மடக்கித் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"அது என்னுது" என்றார் மச்சான்.

"தொலைச்சவ நான்தானே? அப்ப எங்கிட்டயே இருக்கட்டும்."

பெட்டி இப்போது ஹாலில் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்த வெறும் பள்ளத்தைப் பற்றித்தான். சொல்லிவிடுகிறேன்.