கேனரி பாடாத சீசன்

பரீட்சையில் முதல் மார்க் வாங்கினால் சைக்கிள் என்று சொல்லியிருந்தார் அப்பா. நான் வாங்கினேன். அவர் மதுரைக்குப் போய் ஒரு கூண்டோடு வந்து இறங்கினார். கூண்டுக்குள் எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு பொடிக் குருவி. "கேனரி தாயி. ஆம்பளைக் குருவி. பாட்டுப் பாடும்" என்றார். சைக்கிளா பாட்டுப் பாடும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள எனக்கு அப்போது பக்குவம் இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பல நாள் அதன் பக்கமே போகாமல் இருந்தேன்.

நான் கைவிட்ட குருவியை எடுத்துக்கொண்டவள் அத்தை, அப்பாவின் தங்கை. கேட்டீர்களா கூத்தை, எங்கள் வீட்டிலேயே காது கேட்காத ஒரே ஆள் அவள்தான். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அவள் வேலை பார்த்தபோது பக்கத்து ரூம் வெடித்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. காது இரண்டும் போய்விட்டன. அந்த வேலையில் அவளைச் சேர்த்துவிட்டவர் அப்பா. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் அத்தை இருக்கும் பக்கம் அவர் தலை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டே போவார், வருவார்.

நேருக்கு நேர் நின்று நிதானமாகப் பேசினால் அத்தை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். ஆனால் ஒரு வீட்டில் யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது? சாப்பாட்டுக்குக் கூப்பிடத் தோளைத் தட்டினால் போதும். தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லக் குடத்தைக் காட்டினால் போதும். அவள் முன்னறையில் உட்கார்ந்து பட்டாசுக்கான காகிதக் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருப்பாள். நாங்கள் அவளைச் சுற்றி எங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம். அவளும் தன் பாட்டுக்குப் பேசுவாள். தன் குரல் தனக்கே கேட்காததால் அவள் பேசினால் தெருக்கோடி வரைக்கும் எட்டும். அவளிடம் ரகசியம் சொல்ல முடியாது என்பதோடு, அவள் சொல்வதும் ரகசியமாக இருக்க முடியாது.

"காது கேக்காதவளுக்குப் பாட்டுக் குருவியாக்கும்!" என்று தெருவில் சிரித்தார்கள். அவர்கள் உதடு அசைந்தது அத்தைக்குத் தெரிந்திருக்கும். அவள் கண்டுகொள்ளவில்லை. குருவியைத்தான் கண்டுகொண்டாள்.

அடேயப்பா, எப்படிக் கண்டுகொண்டாள்! அடுப்புப் புகை வராத, நேர்க்காற்று அடிக்காத மூலையாகப் பார்த்துக் கூண்டை மாட்டினாள். காலையில் தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் வைப்பாள். அது இறங்கி, சிறகைப் படபடவென்று அடித்துக் குளிக்கும்வரை அந்தப் பக்கம் யாரையும் விட மாட்டாள். தினையை ஊதி, உமி நீக்கிப் போடுவாள். அலகு தீட்டக் கணவாய் ஓடு வேண்டுமென்று தூத்துக்குடி லாரிக்காரரிடம் சொல்லி வரவழைத்தாள். உட்காரும் குச்சிகளில் ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. "ஒரே குச்சியில உக்காந்தா காலு மரத்துப் போகும்ல?" என்றாள். அப்பா வேலை பார்த்த அச்சாபீஸிலிருந்து வரும் பிழையான லேபிள் தாள்கள்தான் எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் விரிப்பு. கூண்டின் அடியிலும் அதுவேதான். ஆனால் அத்தை படம் உள்ள பக்கத்தைக் கவிழ்த்து, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி விரிப்பாள். எச்சத்தின் நிறத்தைப் பார்த்தால் குருவிக்கு வயிறு எப்படி என்று தெரியுமாம். எங்கள் வயிற்றைக்கூட யாரும் அப்படி விசாரித்ததில்லை.

அப்புறம் அது பாடிற்று. முதலில் கிச்கிச்சென்று, பிறகு மூச்சு விடாமல் உருட்டி உருட்டி ஒரு பாட்டு. இத்தனூண்டு உடம்பிலிருந்து அத்தனை சத்தமா என்று அசந்துபோனேன். என் கோபம் அன்றோடு தீர்ந்தது. அத்தை கூண்டின் கம்பியில் விரல் வைத்தபடி அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அலகு லேசாகத் திறந்திருக்க, தொண்டை உப்பி நடுங்கியது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பாடுதா தாயி?"

நான் அவள் முன்னால் போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து, "பாடுது அத்தை" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதிலிருந்து தினமும் அதே கேள்விதான். என்னிடம், அம்மாவிடம், கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிற மாமாவிடம். ஒரு நாள் அப்பாவிடமும் கேட்டாள். அவர் தலை நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, "நல்லாப் பாடுது ஆத்தா" என்றார்.

தீபாவளி சீசன் வந்தது. எங்கள் பக்கம் சீசன் என்றால் ராத்திரி பகல் கிடையாது. லோடு ஏறிக்கொண்டே இருக்கும். சாயங்காலமானால் பொட்டலில் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சமயம் பார்த்துக் குருவி பாட்டை நிறுத்தியது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்கில் வாயே திறக்கவில்லை.

மாமாதான் கண்டுபிடித்தார். அவர் அம்மாவின் தம்பி, எதையும் கண்டுபிடிக்கிறவர். கூண்டின் பின்பக்கம் போய்க் கையைத் தட்டினார். குருவி உப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. "போச்சு. வெடிச் சத்தத்துல இதுக்கும் காது அவிஞ்சு போச்சு. தன் பாட்டு தனக்கே கேக்கலைன்னா அது எப்படிப் பாடும்?" என்றார்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. சத்தம் என்ன செய்யும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா தாங்க மாட்டா" என்றார். இத்தனை பேச்சும் அத்தையின் முதுகுக்குப் பின்னால் நடந்தது. அவள் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் குடும்பமே பொய் சொன்னது. அத்தை "பாடுதா?" என்பாள். நாங்கள் முறை வைத்து அவள் எதிரே போய் நின்று, "பாடுது, பாடுது" என்போம். மாமா ஒருபடி மேலே போய், இன்றைக்கு ஏதோ புது ராகம் என்று கையை ஆட்டியே காட்டினார். அத்தை தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். இதற்கு நடுவே குருவிக்குத் தினமும் அவித்த முட்டையின் மஞ்சள் கரு, வெள்ளரித் துண்டு என்று உபசாரம் தடபுடலானது. "பாடாத குருவிக்கு முட்டை ஒரு கேடா?" என்று அம்மா அடுக்களையில் முணுமுணுப்பாள். முன்னறைக்கு வந்ததும் சிரிப்பாள்.

பொய்யைச் சுமக்க முடியாமல் அப்பா ஒரு முடிவெடுத்தார். மதுரைக்குப் போய் அதே போல இன்னொரு குருவி, பாடுகிற குருவியாகப் பார்த்து வாங்கி, ஓட்டை போட்ட செருப்புப் பெட்டியில் கொண்டுவந்தார். அம்மா அத்தையைத் தையல்காரர் வீட்டுக்கு அழைத்துப் போனாள். நானும் அப்பாவும் ஆளை மாற்றினோம். பழைய குருவியைப் பெட்டியில் வைத்து மாமாவிடம் கொடுத்தோம். வெம்பக்கோட்டை அணைப் பக்கம் மரமும் தண்ணீரும் இருக்கின்றன, பறக்கவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று அவர் மொபெட்டை உதைத்துக் கிளம்பினார். கூண்டுக்குள் புதியவன் கொழுகொழுவென்று இருந்தான். அச்சு அசல் அதேதான் என்று அப்பாவும் நானும் மெச்சிக்கொண்டோம்.

அத்தை வாசலில் செருப்பைக் கழற்றினாள். கூண்டைப் பார்த்தாள்.

"இது யாரு?"

அப்பா குனிந்து செருப்பைத் தேடினார்.

"அண்ணே, உங்களைத்தான் கேக்கேன். நேத்து வாலில்லாம இருந்தவனுக்கு இன்னைக்கு முழ வால் முளைச்சிருச்சாக்கும்? என் பிள்ளையை எங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய குருவிக்கு வால் இல்லை! கழுத்தெல்லாம் பிய்ந்த மெத்தை போல இருந்தது. தினமும் கூண்டு முன்னால் நின்று பாடுது பாடுது என்று சாதித்த எங்களில் ஒருவர்கூடக் குருவியைப் பார்க்கவில்லை. எங்களுக்குக் காதுதான் இருந்தது.

அப்பா அவள் எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னார். குருவிக்குக் காது அவிந்த கதையை அவர் சொல்லும்போதே அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதுக்குக் காது நல்லாத்தான் இருக்கு! கதவைச் சாத்துனா கழுத்தைத் திருப்புதே, பாக்கலையா? இறகு உதிருற காலம்ணே இது. கோழிக்கு இறகு உதிருறப்போ முட்டை நிக்கலையா? அதே போல இதுக்குப் பாட்டு நிக்கும். அதுக்குத்தான முட்டையும் வெள்ளரியுமாக் கொடுத்துத் தேத்திக்கிட்டு இருக்கேன். றெக்கை இல்லாத உசுரைப் போய் வெளிய விட்டா காக்கா கொத்திப் போடுமே, படுபாவிகளா!"

அவ்வளவு அழுகையை அவளிடம் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காது போனபோதுகூட அழவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். அப்பா பைக்கை எடுத்தார். செருப்பில்லாமல் அத்தை பின்னால் ஏறினாள். நடுவில் என்னையும் திணித்துக்கொண்டார்கள். போகிற வழியெல்லாம் அவள், "காத்தாடுற இடத்துல வச்சிருப்பானே, காத்தாடுற இடத்துல வச்சிருப்பானே" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

நல்லவேளை, மாமாவுக்கு டீக்கடையைத் தாண்டிப் போகத் தெரியாது. ஊர் எல்லைக் கடையில் மொபெட் நின்றிருந்தது. மாமா வடையோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தார். பெட்டி பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக இருந்தது. மாமாவின் டீக்கடைப் பழக்கத்தை எங்கள் வீட்டில் திட்டாமல் விட்ட ஒரே நாள் அது. அத்தை பெட்டியை மாராப்புக்குள் அணைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை காற்றுப் படாமல் பொத்திக்கொண்டே வந்தாள்.

தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் பூட்டிக் கிடந்த, ஊரே வாயை மூடிக்கொண்ட ஒரு காலையில், "பாடுறான்! எல்லாரும் வாங்க!" என்று அத்தையின் குரல் கேட்டது. ஓடினோம். ஒரு சத்தமும் இல்லை. அவள் தொண்டையைக் காட்டினாள். புது மஞ்சள் இறகு லேசாக நடுங்கியது. காதைக் கம்பியோடு ஒட்டிவைத்தபோதுதான் உள்ளே கொசு பாடுவதுபோல ஒரு முனகல் கேட்டது. காது உள்ள எங்களுக்கு அது சரியாகக் கேட்க இன்னும் சில நாள் ஆனது. அப்பா பாடுவதற்கென்றே வாங்கிவந்த மற்றவனோ, தனிக் கூண்டில் நூலும் காகிதமும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தான். பொங்கலை ஒட்டி முட்டை இட்டான்.

என்னை ஒன்று மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. அத்தை முன்னால் போய் நின்று கேட்டேன். "பாடலைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல? பெறகு எதுக்கு எங்கள்ட்ட தினமும் கேட்டீக?"

அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள். "நீங்க சொல்லுறதைப் பாக்க நல்லா இருந்துச்சு தாயி."

எங்கள் பொய்யைப் பார்த்து ரசித்திருக்கிறாள் என்று எனக்கு ரோஷமாக இருந்தது. குருவி தெருவே கேட்கப் பாடத் தொடங்கிய பிறகும், தொண்டையைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டே அவள் "பாடுதா?" என்று கேட்பதை விடவில்லை. அப்பாவும் ஒவ்வொரு சாயங்காலமும் அவள் எதிரே வந்து உட்கார்ந்து, முகத்துக்கு நேராக, நிதானமாக, "பாடுது ஆத்தா" என்று சொல்வதை விடவில்லை. அப்போதெல்லாம் அத்தை குருவியைப் பற்றித்தான் கேட்கிறாள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.