ரெண்டு தட்டு தட்டினால்தான் ஹெலிகொப்டர் கிளம்பும்

என் வீட்டுக்காரர் முதன்முதலாக விமானம் ஓட்டிய அன்று கேட்ட முதல் கேள்வி, “இதுல ஹோர்ன் எங்க இருக்கு?” என்பதுதான்.

என் தம்பி திருதிருவென்று விழித்தான். “பிளேனுக்கு ஹோர்ன் இல்ல மச்சான்.”

“ஹோர்ன் இல்லாம எப்புடிடா முடக்குல திரும்புறது? எதிர்ல ஒருத்தன் வந்தா?”

“ஆகாசத்துல யாரு மச்சான் எதிர்ல வரப்போறா?”

“இப்புடித்தான் எல்லாரும் நெனக்கிறது. நீ றக்வான ரோட்டுல ஒரு நாளைக்கு ஓட்டிப் பாரு, அப்ப தெரியும்.”

இந்தப் பேச்சு முடிவதற்குள் விமானம் ஒரு மலையில் மோதி, கொம்பியூட்டர் திரை கறுத்துப் போனது. நான் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த தேத்தண்ணி பாதி பாயில் கொட்டியது. அவரும் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், இந்தப் பெட்டி எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவை விட்டுப் போகக்கூடாது என்று.

இது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுக் கதை. றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். நான் கொழுந்து பறிக்கிறவள், அவர் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். சாயந்தரம் மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்கு இறங்குவார். பெண்கள் நாங்கள் மூட்டைகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்து முச்சந்தி வரைக்கும் சவாரி போவோம். கடைசியாக ஏறுகிறவள் லொறிப் பலகையை ரெண்டு தட்டு தட்டி “ரைட்!” என்று கத்த வேண்டும். அந்தத் தட்டு கேட்காமல் அவர் லொறியை அசைக்கவே மாட்டார். தோட்டத்துத் துரையே வந்து முன்னால் நின்று கையைக் காட்டினாலும் சரி. கடைசியாக ஏறுகிறவள் பெரும்பாலும் நான்தான். எனக்கு வாய் நீளம், பேசி முடித்து வர நேரமாகும்.

வாய் மட்டுமல்ல, கோபமும் எனக்கு மூக்கு நுனியில். ஒரு நாள் தேங்காய் எண்ணெய் வாங்கி வரச் சொன்னால் மனுஷன் நல்லெண்ணெய் வாங்கி வந்து நிற்கிறார். கேட்டால் “எண்ணெய்தானே?” என்கிறார். எனக்கு எப்படி இருக்கும்? “இனிமே உங்க லொறியில ஏறினேன்னா ஏன்னு கேளுங்க” என்று சொல்லிவிட்டு, அன்று சாயந்தரம் மழைத் தூறலில் குறுக்குப் பாதையில் நடந்தே இறங்கினேன். சண்டையின் மீதியைக் கேட்கும் ஆசையில் மற்றப் பெண்களும் லொறியை விட்டுவிட்டு என் பின்னாலேயே நடந்து வந்தார்கள்.

தட்ட ஆளில்லாமல் வெறும் கொழுந்தோடு கிளம்பிய லொறியின் பிரேக் அன்றைக்குத்தான் போனது. பாறை முடக்கில் பள்ளத்துப் பக்கம் போகவிடாமல், மலைப் பக்கமாக ஒடித்து மண்மேட்டில் சாத்திவிட்டார். லொறி ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. அவருக்கு நெற்றியில் ஒரு காயம், அவ்வளவுதான். ஆனால் நாங்கள் உட்காருகிற பின்பக்கம் பாறையில் நசுங்கி அப்பளமாகக் கிடந்தது. போய்ப் பார்த்த பெண்கள் எல்லாரும் அன்று இரவு என் கையைப் பிடித்துக்கொண்டு, “அடியே, ஒன் கோவத்துக்கு கற்பூரம் கொளுத்தணும்டி” என்றார்கள்.

அதற்குப் பிறகு அவரால் ஸ்டீரிங்கைப் பிடிக்க முடியவில்லை. தோட்டத்து டிரக்டரில் ஏறி உட்காருவார், சாவியைத் திருகுவார், உடனே அணைத்துவிட்டு இறங்கிவிடுவார். ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். கணக்கப்பிள்ளை நல்ல மனுஷர்தான், ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்: “லொறி ரத்னபுரி கராஜ்ல கெடக்கு. திரும்பி வர்ற அன்னைக்கு நீ ஓட்டினா ஓட்டு. இல்லாட்டி பெல்மதுளையில ஒரு டைவருக்கு சொல்லி வச்சிருக்கேன், அவன் வந்துருவான்.” லயத்தில் சின்னப் பிள்ளைகள் கூட அவரை “டைவர் மாமா” என்றுதான் கூப்பிடும். இப்போது அந்த வார்த்தையைச் சொல்ல வந்து பாதியில் விழுங்கின. அது அவரை அறுத்ததோ இல்லையோ, என்னை அறுத்தது. சத்தமாகப் பாடிக்கொண்டு, நல்லெண்ணெய் வாங்கி வந்து என்னிடம் ஏச்சு வாங்குகிற அந்த மனுஷன்தான் எனக்கு வேண்டும். இந்த ஊமை வேண்டாம்.

தம்பி பெல்மதுளைச் சந்தியில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்தான். கடையில் ஒதுக்கிப் போட்ட ஒரு பழைய பெட்டியை வாங்கி வந்து எங்கள் காம்பராவில் வைத்தான். கூடவே விமானம் ஓட்டும் கேம் ஒன்று. அதைக் கொண்டு வருவதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. யுத்தக் காலம், நாட்டு நிலைமை அப்படி. தமிழ்ப் பொடியன் ஒருவன் விமானம் ஓட்டிப் பழகுகிற சீடியோடு பஸ்ஸில் பிடிபட்டால் யாரிடம் போய் என்ன விளக்கம் சொல்வது? முருகன் பாட்டு சீடி உறைக்குள் போட்டுக் கொண்டு வந்திருக்கிறான். செக்கிங்கில் சிங்களத்தில் “மொனவத மே?”, இது என்ன என்று கேட்டதற்கு, “பக்தி கீ மாத்தயா”, பக்திப் பாட்டு ஐயா என்று கும்பிட்டானாம். அன்றிலிருந்து அந்த கேமுக்கு எங்கள் வீட்டில் பெயர் “முருகன் பாட்டு”.

சும்மா பறப்பது என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. “எதுக்குடா வெறுமனே சுத்திக்கிட்டு? லோட் இல்லையா?” என்றார். தேடிப் பார்த்தால் இருந்தது. மருந்துப் பெட்டி, மாவு மூட்டை, மிஷின் சாமான் என்று ஏற்றிக்கொண்டு போய், மலை இடுக்கில் கைக்குட்டை அளவு இருக்கும் ஒரு இடத்தில் இறக்க வேண்டும். அங்கே மனுஷனுக்கு முகம் மாறிவிட்டது. “பின்னால பாரம் கூட, மூக்கு தூக்குது பாரு” என்று அவராகவே சொன்னார். இறங்குகிற இடம் எங்கள் மலை ரோட்டு மாதிரியே சரிவு. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். பக்கத்துக் காம்பராவில் அயன் பொக்ஸ் போட்டால் கரண்ட் குறைந்து எங்கள் திரை சுருங்கும். அப்போதெல்லாம் அவர் சுவரைத் தட்டி, “கொஞ்சம் பொறுங்க, எறங்கிக்கிட்டு இருக்கேன்!” என்று கத்துவார். அந்தப் பக்கத்திலிருந்து, “எங்க எறங்குறீங்க? இன்னைக்கும் மலையிலயா?” என்று பதில் வரும்.

பிறகுதான் ஆட்களைக் காப்பாற்றும் ஆட்டம். கடலில் படகு கவிழ்ந்து கிடக்கும். ஹெலிகொப்டரில் போய்த் தேடி, கயிறு இறக்கி, மிதக்கிறவர்களைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். எண்ணெய் தீருவதற்குள் திரும்பியும் வர வேண்டும். இதற்கு ஒருத்தர் போதாது. அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கடலைப் பார்ப்பேன். “அந்தா, மஞ்சளா!” “எங்க புள்ள?” “உங்க மூக்குக்கு நேரா! கண்ணை எங்க வச்சிருக்கீங்க?” நல்லெண்ணெய் காலத்துக்குப் பிறகு நான் அவரை வயிறாரத் திட்டியது அந்தக் கடலில்தான். எண்ணெய் முள் இறங்க இறங்க, “எண்ணெய் தீருது மச்சான்! எண்ணெய் தீருது!” என்று அலறுவதும் என் வேலை.

ஆட்கள் ஏறியதும் கிளம்பலாம் அல்லவா? மாட்டார். பழக்கம் விடுமா? நான் மேசையை ரெண்டு தட்டு தட்டி “ரைட்!” சொல்ல வேண்டும், அப்போதுதான் ஹெலிகொப்டர் மேலே எழும்பும். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “மச்சான், இது அமெரிக்காக்காரன் ஹெலிகொப்டர். தட்டெல்லாம் தேவையில்ல.” அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் இறங்கியதும், இங்கிலீஷில் எழுதி வருவதை அவருக்கு வாசிக்கத் தெரியாததால் என்னிடம் கேட்பார்: “எத்தன பேரு?” நான் வாசித்துச் சொல்வேன். மூன்று பேர் என்றால் அன்றைக்கு ஒரு பாட்டு பாடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலில் எல்லாரையும் தூக்கி ஏற்றியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் கருவாட்டுக் கறி அடிப்பிடிக்கும் வாசம். நான் எழுந்து ஓடினேன். கறியைக் கிளறி, உப்புப் பார்த்து, திரும்பி வந்து பார்க்கிறேன், ஹெலிகொப்டர் அதே இடத்தில் நிற்கிறது. எண்ணெய் முள் அடியைத் தொட்டுவிட்டது. நான் “ஐயோ” என்று வாயைத் திறக்கும்போதே அப்படியே கடலில் விழுந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “எத்தன பேரு?” என்று கேட்டார். “முட்டை!” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சோறு போட்டு வைத்தேன், தொடவில்லை.

“கறி கருகிச்சு மச்சான், அதான் எழும்பினேன். பொம்மைதானே, இதுக்குப் போயி...”

“நீ தட்டல” என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அன்னைக்கும் நீ தட்டல. அது நல்லாத் தெரியும். ஆனா மேட்டுல மோதி நின்னதும், நீ பின்னால இருக்கியா இல்லையான்னு எனக்கு ஞாபகம் வரல புள்ள. எறங்கிப் போயிப் பார்க்கணும். காலு வரல. நீங்கள்லாம் ஓடி வர்ற வரைக்கும் அப்புடியே ஒக்காந்திருந்தேன்.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. இத்தனை மாதம் இதை என்னிடம் சொல்லாமல் மனுஷன் எங்கே வைத்திருந்தார்? “இங்கதானே இருக்கேன், குத்துக்கல்லு மாதிரி! திங்கிறீங்களா, இல்ல நான் ஊட்டணுமா?” என்று கத்தினேன். கருகின கறியோடு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் லொறி வந்தது. புதுப் பச்சைப் பெயிண்ட் அடித்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் நின்றது. மூட்டைகளை ஏற்றியாகிவிட்டது. கணக்கப்பிள்ளை சாவியை நீட்டினார். என் வீட்டுக்காரர் வாங்கி, ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்டார்ட் சத்தம் கேட்கவில்லை.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “நாங்க குறுக்கால நடந்தே போறோம்” என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். யாரையும் குறை சொல்ல முடியாது. கணக்கப்பிள்ளை பெல்மதுளைக்குக் கோல் எடுக்கத் தயாராக ஃபோனைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினேன். என் பழைய இடத்தில், மூட்டைக்கு மேலே உட்கார்ந்தேன். பலகையை ரெண்டு தட்டு தட்டினேன். “ரைட்!”

ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத்தான் பொறுமை கிடையாதே. இன்னும் ரெண்டு தட்டு, பலகை உடைகிற மாதிரி. “ரைட்டுன்னு சொல்றேன்ல!”

எஞ்சின் உறுமியது. லொறி நகர்ந்தது. நடை வேகத்தில் ஒவ்வொரு முடக்காக, ஒவ்வொன்றுக்கும் ஹோர்ன் அடித்து அடித்து இறங்கினார். பாறை முடக்கு வந்தது. லொறி நின்றது. பாறையில் பழைய பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. நானும் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். அப்புறம் பலகையை ஓங்கித் தட்டினேன். “எண்ணெய் தீருது மச்சான்! கடல்ல விழுந்துராதீங்க!”

முன்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரித்தாரா அழுதாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்து மலையே அதிர ஒரு நீள ஹோர்ன். லொறி முடக்கில் திரும்பியது.

ஃபெக்டரி முற்றத்தில் நிறுத்தினார். கொழுந்து இறக்குகிற ஆட்கள் வருவதற்கு முன்னாலேயே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மெதுவாக நடந்து பின்னால் வந்தார். முகமெல்லாம் வேர்வை. பின்பலகையின் கொக்கியைக் கழற்றி இறக்கிவிட்டு, மேலே நிமிர்ந்து பார்த்தார்.

“எத்தன பேரு?” என்று கேட்டார்.

“ஒருத்தி” என்றேன்.