யாரோ என்றேன்

நான் அதிகம் பேசாதவன். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இன்ஜினியரிங் படித்த என் மகள் அதே கம்பெனிக்குப் பாதுகாப்பு அதிகாரியாக வந்தாள். எனக்குக் கூச்சம். "அங்கன என்னைய அப்பான்னு கூப்பிடாத தாயி" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தீபாவளி சீசன். நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் ஏழு பேர் உட்கார்ந்து வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தோம். அவள் வந்து பார்த்ததும் வேலையை நிறுத்தி, எல்லோரையும் வெளியே அனுப்பினாள். அன்றைய கூலி போனது.

"சீசன் நேரத்துல வயித்துல அடிக்காளே! எவன் பெத்த பிள்ளைண்ணே இது?" கூட வேலை செய்யும் கருப்பசாமி என்னிடம் கத்தினான்.

அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

"யாரோ! எனக்கென்னப்பா தெரியும்?" என்றேன்.

அவள் அடுத்த ரூமுக்குப் போனாள்.

சாயங்காலம் வீட்டில் எனக்குச் சோறு போட்டபடியே சொன்னாள். "நாளைக்கும் அந்த ரூமைப் பாக்க வருவேன்ப்பா. உங்களுக்குச் சங்கடமா இருந்தா லீவு போட்டுக்கோங்க."

குரலில் கோபமே இல்லை. அந்த ரூமில் தீப்பிடித்திருந்தால் நானும்தானே போயிருப்பேன்?

மறுநாள் வேலைக்குப் போனேன். அவள் என் மகள் என்று கருப்பசாமியிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் குனிந்து மருந்து அடைக்க ஆரம்பித்தேன். இன்றுவரை சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.